தாத்தா வழியில் இத்தாலியக் குடியுரிமை: எந்த ஆவணங்களைத் திரட்ட வேண்டும்?

நெவார்க் மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் தாய்வழித் தாத்தாவும் பாட்டியும் தென் இத்தாலியின் அவெல்லினோ மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவர்கள். தாத்தா பிறந்தது 1927இல், பாட்டி 1930இல். 1954இல் அவ்வூர்த் தேவாலயத்திலேயே மணம் முடித்து, 1956இல் கப்பலேறி நியூயார்க் வந்து, நியூஜெர்சியின் நெவார்க்கில் குடியமர்ந்தார்கள். என் மாமியார் 1957இல் இங்கு பிறந்தார். கணவர் 1984இல் பிறந்தார். வம்சாவளி அடிப்படையில் கணவருக்கு இத்தாலியக் குடியுரிமை கோரலாம் என்று ஓராண்டாகத் தாத்தாவின் ஆவணங்களைச் சேர்த்து வருகிறேன். பெற்ற மகனுக்கு இல்லாத அக்கறை மருமகளுக்கு எப்படி வந்தது என்று மாமியார் கேலி செய்வதும் நடக்கிறது.

இப்போது மூன்று இடங்களில் தடுமாறி நிற்கிறேன். முதலாவதாக, தாத்தா 1979இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றதற்கான சான்றிதழ் சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. அவர் 2003இல் காலமானார். அவர் அமெரிக்கர் ஆனது கோரிக்கையைப் பாதிக்குமா? இரண்டாவதாக, பிறப்புப் பதிவு கேட்டு அவ்வூர் நகராட்சிக்கு, அதாவது அங்கே ‘கொமூனே’ என்கிறார்களே, அதற்கு மின்னஞ்சல் அனுப்பியதில், 1980 நிலநடுக்கத்திற்கு முந்தைய பதிவேடுகள் இல்லை என்று இரண்டே வரிகளில் பதில் வந்தது. மூன்றாவதாக, பெயர்க் குழப்பம். இத்தாலியில் ஜூசெப்பே, கப்பல் பட்டியலிலும் ஜூசெப்பே, இங்கே வந்த பிறகு ஜோசஃப், சில இடங்களில் வெறும் ஜோ.

பாட்டி 1986இல் காலமாகிவிட்டார். அவருடைய இறப்புச் சான்றில் ‘எந்த நாட்டுக் குடியுரிமை’ என்ற கட்டத்தில் அமெரிக்கா என்றே எழுதியிருப்பதால் அவரை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மலையேறி:

பாட்டியை விட்டது சரிதான். இத்தாலியச் சட்டப்படி பெண்கள் வழியே குடியுரிமை செல்லாது என்று என் அலுவலக நண்பர் ஒருவர் கூறியிருக்கிறார். தாத்தாவின் ஆவணங்களிலேயே கவனம் செலுத்துங்கள்.

பழைய ஏடு:

மலையேறி அவர்கள் கூறுவது பாதி உண்மை. 1912ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ்த் தாயின் குடியுரிமை பொதுவாகப் பிள்ளைக்குச் செல்லவில்லை என்பது சரி. ஆனால் குடியரசின் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1948 ஜனவரி 1ஆம் நாளுக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தத் தடை இல்லை. அதற்கு முன் பிறந்தவர்களின் வழிவந்தோர்தாம் நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. தங்கள் மாமியார் பிறந்தது 1957 என்பதால் அந்தக் கவலையே எழவில்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2025 மார்ச் 28ஆம் நாள் இத்தாலிய அரசு 36ஆம் எண் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்து, மே மாதம் அதனை 74ஆம் எண் சட்டமாக நிறைவேற்றியது. அதுவரை எத்தனை தலைமுறைக்கு முந்தைய மூதாதையைக் காட்டினாலும் ஏற்றுக்கொண்டவர்கள், இப்போது வெளிநாட்டில் பிறந்து வேறு குடியுரிமையும் உடையவர்களிடம், பெற்றோரிலோ தாத்தா பாட்டியரிலோ ஒருவர் இத்தாலியக் குடியுரிமையை மட்டுமே உடையவராக இருக்க வேண்டும், அல்லது இறக்கும்போது அப்படி இருந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். 2025 மார்ச் 27க்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் பழைய விதி பொருந்தும். தாத்தா அமெரிக்கராக இறந்தவர். ஆகவே அவர் பெயரில் ஓராண்டாகத் தாங்கள் சேர்த்த கோப்பு, வருத்தத்துடன் சொல்கிறேன், இந்த நிபந்தனையை நிறைவேற்றாது.

ஆனால் வரவேற்பறையில் தொங்கும் அந்தச் சான்றிதழில் உள்ள தேதி வேறொரு வகையில் தங்களுக்குச் சாதகமானது. பெற்றோர் அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றபோது வயது நிரம்பாமல் இருந்த பிள்ளையும் இத்தாலியக் குடியுரிமையை இழந்தது என்பதே இப்போது அங்கே அதிகாரிகள் கொள்ளும் பொருள். 2024 அக்டோபர் மாத உள்துறைச் சுற்றறிக்கையும் அதையே வலியுறுத்தியது. 1979இல் தங்கள் மாமியாருக்கு 22 வயது என்பதால், தந்தை அமெரிக்கரானது மகளைத் தொடவில்லை.

ஆகவே மீதமிருப்பவர் பாட்டி. கணவர் குடியுரிமை பெற்றால் மனைவிக்கும் தானாக வந்துவிடும் என்ற நிலையை அமெரிக்கா 1922இலேயே கைவிட்டுவிட்டது. பாட்டி தாமாக விண்ணப்பித்திருந்தால்தான் அவர் அமெரிக்கர். இறப்புச் சான்றின் அந்தக் கட்டத்தை நம்ப வேண்டாம். துக்க வீட்டில் யாரோ ஒருவர் வாய்மொழியாகச் சொன்னதை எழுதிக்கொள்வார்களே தவிர, எவரும் சான்று பார்த்து எழுதுவதில்லை. தங்கள் மாமியாரிடம் ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள்: பாட்டி ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் தபால் நிலையத்திற்குச் சென்று ஏதேனும் அட்டை நிரப்பினாரா?

பலெர்மோவாசி:

வணக்கம் சகோதரி. நான் நீண்டகாலமாக பலெர்மோவில் வசிக்கிறேன். நம்மவர்களின் பத்திர அலுவல்களுக்காக நகரசபைப் படிகளில் ஏறி இறங்கியே காலம் போனது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த இரண்டு வரிப் பதிலோடு நின்றுவிடாதீர்கள். கொமூனேயில் இரண்டு பிரிவுகள் உண்டு. ‘அனாக்ராஃபே’ என்பது ஊரில் வசிப்போர் பதிவு; பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவை ‘ஸ்தாத்தோ சிவிலே’ பிரிவைச் சேர்ந்தவை. பொது முகவரிக்கு அனுப்பிய மின்னஞ்சல் பெரும்பாலும் முதலாவது பிரிவினரின் கையில்தான் போய் விழும். இரண்டாவது பிரிவின் பெயரை வெளிப்படையாக எழுதி, இத்தாலிய மொழியிலேயே மீண்டும் கேளுங்கள்.

1980 நவம்பர் 23 நிலநடுக்கத்தில் அவெல்லினோவைச் சுற்றிய இர்பினியாப் பகுதி ஊர்கள் பல தரைமட்டமானது உண்மை. இருந்தாலும் இங்கே பிறப்பு, விவாகப் பதிவேடுகளை இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றைக் கொமூனேயில் வைத்துக்கொண்டு மற்றதை நீதிமன்றத்துக்கு அனுப்புவது நெடுங்கால வழக்கம்; எழுபது ஆண்டுகள் கழிந்தவை அங்கிருந்து மாகாணத்தின் அரச ஆவணக் காப்பகத்துக்குச் செல்லும். 1930ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவின் இரண்டாம் பிரதியை அவெல்லினோ காப்பகத்திடம் கேட்கலாம். காப்பகங்களின் ‘அந்தெனாத்தி’ இணையத்தளத்தில் அந்த ஊரின் ஏடுகள் ஏறியிருந்தால், வீட்டிலிருந்தபடியே இலவசமாகப் பார்த்துப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். ஆண்டும் எண்ணும் கையில் இருந்தால் எழுத்தர் மறுப்பது கடினம். கணினித் திரையில் தெரியும் படத்தைப் பத்திரமாக ஏற்கமாட்டார்கள். முத்திரையிட்ட பிரதிதான் வேண்டும்.

திருமணம் தேவாலயத்தில் நடந்தது என்று தயங்க வேண்டாம். இத்தாலிய அரசும் கத்தோலிக்கத் திருச்சபையும் செய்துகொண்ட 1929 உடன்படிக்கைக்குப் பிறகு தேவாலயத் திருமணங்களைக் கொமூனே ஏட்டிலும் பதிந்தார்கள்.

இன்னொரு விடயம். 1955ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் காரணமாக, சாதாரணப் பிறப்புச் சான்றில் பெற்றோர் பெயர் இருக்காது. ‘தந்தை, தாய் பெயர்களுடன்’ என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஏட்டின் ஓரக்குறிப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள். விவாகம் நடந்த விபரம் பிறப்புப் பதிவின் ஓரத்தில் ஏறியிருந்தால் பெயர்த் தகராறில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

நெவார்க் மருமகள்:

பழைய ஏடு ஐயா, தங்கள் கேள்வியைச் சாப்பாட்டு மேசையில் கேட்டேன். மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். புத்தாண்டு கழிந்ததும் பனியில் தம்மைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு அம்மா தபால் நிலையத்திற்குப் போவார் என்றும், ஆங்கிலம் எழுத வராததால் பள்ளியில் படிக்கும் மகள்தான் அந்த அட்டையை நிரப்பித் தருவார் என்றும், முகவரியை மட்டும் அம்மா தம் கையால் எழுதுவார் என்றும் சொன்னார். தாத்தா குடியுரிமை பெற்ற பிறகும் பாட்டி அதை நிறுத்தவில்லையாம். அத்துடன், பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் செபமாலையோடு கிடந்த பாட்டியின் கிரீன் கார்டையும் எடுத்துக் காட்டினார். இத்தனை நாளும் அதே வீட்டில் அலமாரியின் மேல் தட்டில் இருந்திருக்கிறது.

ஆனால் அட்டையில் ‘மரியா கார்மேலா’, இறப்புச் சான்றில் ‘மில்லி’. குடும்பப் பெயரும் கணவருடையதாக மாறியிருக்கிறது. நம்மூரில் இனிஷியலை விரித்து எழுதப் போய் ஒருவர் மூவராவது போல இருக்கிறது.

பழைய ஏடு:

நான் எதிர்பார்த்தது அதுதான். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதோர் அனைவரும் ஒவ்வொரு ஜனவரியிலும் தம் முகவரியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் 1981இல்தான் நீங்கியது. பாட்டி 1979க்குப் பிறகும் அதைச் செய்திருக்கிறார் என்றால், கணவரோடு சேர்ந்து அவர் குடியுரிமை பெறவில்லை என்று நம்ப இடமிருக்கிறது. நினைவைத் தூதரகம் ஏற்காது, ஆவணம் வேண்டும். அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கு ஜி-1566 படிவத்தில் விண்ணப்பித்தால், அப்படி ஒருவர் குடியுரிமை பெற்றதற்கான பதிவு இல்லை என்று சான்று தருவார்கள். அதில் கன்னிப் பெயர், கணவர் குடும்பப் பெயருடன் கூடிய பெயர், மரியா, கார்மேலா, மில்லி என எல்லா வடிவங்களையும், ஆவணங்களில் காணும் எல்லாப் பிறந்த தேதிகளையும் எழுதுங்கள். ஒரு வடிவத்தை விட்டாலும், அந்தப் பெயரில் தேடவில்லையே என்று தூதரகம் திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. கிரீன் கார்டின் நகலை இணைப்பதோடு, குடிவரவுத் துறையிடம் உள்ள பாட்டியின் கோப்பு முழுவதையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இறப்புச் சான்றில் குடியுரிமைக் கட்டத்தையும் பெயரையும் திருத்த, குடிவரவுத் துறையின் சான்று வந்த பிறகு மனுச் செய்யலாம். அதற்கு முன் செய்தால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. மாமியார், கணவர் ஆகியோரின் பிறப்பு, திருமணச் சான்றுகளின் முழுப் பிரதிகளை மாநிலத் தலைமைப் பதிவகத்திலிருந்தே பெற்று, நியூஜெர்சி கருவூலத் துறையில், ஆவணம் அயல்நாட்டிலும் செல்லும் என்று உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும். குடிவரவுத் துறையின் சான்று மத்திய அரசு ஆவணம் என்பதால் அதற்கான முத்திரையை வாஷிங்டனில் உள்ள வெளியுறவுத் துறைதான் இடும். மாநில அலுவலகத்திற்கு அனுப்பி இரண்டு மாதம் இழந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். தூதரகக் கட்டணம் 2025 ஜனவரி முதல் ஆளுக்கு 600 யூரோ.

தங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கு இந்த வழி தானாகப் பொருந்தாது. அவர்களுக்குப் பூட்டி முறையாகும் இந்தப் பாட்டி, சட்டம் வகுத்த தாத்தா பாட்டி எல்லைக்கு வெளியே நிற்கிறார்.

நெவார்க் மருமகள்:

மிக்க நன்றி ஐயா. பலெர்மோ சகோதரருக்கும் நன்றி. படிவத்தை நேற்றிரவு நிரப்பினோம். பெயர் வடிவங்களை எழுதத் தொடங்கியபோது ‘மெலினா’ என்று அக்கம்பக்கத்தார் அழைத்ததையும் மாமியார் நினைவுகூர்ந்தார். மொத்தம் ஏழு பெயர்கள் ஆகிவிட்டன. இடம் போதாமல் தனித்தாள் இணைத்திருக்கிறேன். அவெல்லினோ காப்பகத்துக்கான கடிதத்தை இத்தாலிய மொழியில் எழுதிய பிறகு இங்கே பதிவிடுகிறேன். பலெர்மோ சகோதரர் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.