மறு: கலைச்சொல் பரிந்துரை – ஏரி ட்ரவுட்டுக்கான ‘சிங்கிங் லைன்’

அனைவருக்கும் வணக்கம்.

ஏரியில் ட்ரவுட் மீனைச் செயற்கைப் பூச்சி கட்டிப் பிடிக்கும் பூச்சித்தூண்டிலில் (fly fishing), நீருக்குள் இறங்கும்படி செய்த வீச்சுச் சரட்டுக்கு ஆங்கிலத்தில் sinking line என்று பெயர். அதற்குத் தமிழில் இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: மூழ்குநூல், ஆழ்நூல், கனநூல், சிங்கிங் லைன் என்றே விட்டுவிடுவது. நான் ஐந்தாவதாக ‘அமிழ்சரடு’ என்பதை முன்வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வரவேண்டிய சொற்கள் பின்னால் நிறைய இருக்கின்றன. முதல் சொல் பிசகினால் எல்லாமே பிசகும்.

> எடை கூடியதால்தானே மூழ்குகிறது? கனநூல் என்றால் யாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் தவறாகப் புரியும் ஐயா. பூச்சித்தூண்டிலில் கொக்கியில் கட்டிய செயற்கைப் பூச்சிக்கு எடையே இல்லாத மாதிரிதான். அதைத் தூக்கிக்கொண்டு போவது சரட்டின் எடை. அதனால்தான் சரடுகளை முதல் 30 அடியின் எடையை வைத்து எண்ணிட்டு வகைப்படுத்தியிருக்கிறார்கள். 5ஆம் எண் என்றால் அந்த 30 அடி 140 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9 கிராம். மிதக்கிற 5ஆம் எண்ணுக்கும் மூழ்குகிற 5ஆம் எண்ணுக்கும் இதே எடைதான். இரண்டையும் ஒரே கோலில் வீசலாம். வேறுபடுவது அடர்த்தி. மிதக்கும் சரட்டின் மேற்பூச்சில் உள்ளீடற்ற நுண்ணிய கண்ணாடி மணிகள் கலந்திருக்கும். மூழ்கும் சரட்டில் டங்ஸ்டன் தூள் கலந்திருக்கும். எடை ஒன்றாகவும் அடர்த்தி கூடுதலாகவும் இருப்பதால் மூழ்கும் சரடு மெலிந்தே இருக்கும். பெயரில் ‘கனம்’ என்று வைத்துவிட்டால், புதிதாக வருபவர் இதற்கென்று தனியாக வலுவான கோல் வேண்டுமோ என்றுதான் நினைப்பார்.

> ஆழ்நூல் சுருக்கமாக இருக்கிறது, சொல்லவும் எளிது.

எளிதுதான். ஆனால் ‘நூல்’ என்றதும் புத்தகம் வந்து நிற்கிறது. தலைப்பில் தனியாக ‘ஆழ்நூல்’ என்று கண்டால் தத்துவப் புத்தகம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதைவிடப் பெரிய தடை ‘ஆழ்’. இலக்கணப்படி அதுவும் வினையடிதான். ஆனாலும் ஆழ்கடல், ஆழ்குழாய்க் கிணறு என்று பழகிய காதுக்கு ‘ஆழமான’ என்றே கேட்கிறது. இந்தச் சரட்டுக்கென்று ஓர் ஆழம் கிடையாது. பொறுமையாக விட்டுவைத்தால் மிக மெதுவான சரடும் ஏரியின் அடியைத் தொட்டுவிடும். சரட்டின் குணம் வேகத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் மீனைப் பற்றிப் பேசாமல் சொல்லைப் பற்றிப் பேச முடியாது. ட்ரவுட் குளிர்நீர் மீன். சுமார் 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரை அதற்கு வசதி; 20ஐத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும். கோடையில் ஆழமான ஏரியின் நீர் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான நீர், அடியில் குளிர்ந்த நீர், நடுவில் வெப்பநிலை சட்டென்று சரியும் மெல்லிய அடுக்கு. மேலே இருக்க முடியாமல் மீன் இறங்கும். அடியிலோ பல ஏரிகளில் கோடை முற்ற முற்ற ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். ஆகவே மீன் இடையில் ஒரு குறுகிய பட்டையில் நிற்கும். அந்தப் பட்டைக்குள் பூச்சியைக் கொண்டுபோய், இழுக்கும் நேரம் முழுவதும் அங்கேயே வைத்திருப்பதுதான் வேலை.

இதற்குத் தூண்டில்காரர் வைத்திருக்கும் அளவுகோல் நொடி. சரட்டின் பெட்டியில் உள்ள 3, 5, 7 என்ற எண்கள் ஏறக்குறைய நொடிக்கு எத்தனை அங்குலம் இறங்கும் என்பதைச் சொல்கின்றன. 10 அடி இறங்க 3ஆம் வகைக்கு 40 நொடி ஆகும், 7ஆம் வகைக்கு 17 நொடி போதும். நொடிக்கு ஒன்றரை அங்குலம் இறங்கும் மெதுவான வகைக்கு 80 நொடி வேண்டும். வீசிவிட்டு எண்ணுவார்கள். இருபது எண்ணி இழுத்தார்கள், ஒன்றுமில்லை. முப்பது எண்ணினார்கள், மீன் தட்டியது. அடுத்த வீச்சிலும் முப்பதுதான். வேகமாக இழுத்தால் சரடு மேலே எழும்பும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் வகையைத் தேர்ந்தெடுப்பார்கள். மெதுவாக நகரும் கூட்டுப்புழுவைப் போல இழுக்க வேண்டுமென்றால் மெதுவாக இறங்கும் சரடு, சிறுமீன் போல வெடுக்கென்று இழுக்க வேண்டுமென்றால் விரைவாக இறங்கும் சரடு.

இவ்வளவும் ‘இறங்கிக்கொண்டிருப்பது’ என்ற ஒரே செயலைச் சுற்றி நடக்கிறது. அதனால் பெயரில் வினை உயிரோடு இருக்க வேண்டும் என்கிறேன். நம்மிடம் அதற்கென்றே வினைத்தொகை இருக்கிறது. ஊறுகாய் என்றால் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய். அமிழ்சரடு என்றால் அமிழ்ந்த, அமிழ்கின்ற, அமிழும் சரடு. வினைத்தொகை ஆதலால் நடுவே ஒற்று மிகாது. ‘அமிழ்ச்சரடு’ என்று எழுதிவிட வேண்டாம்.

மூழ்குநூல் முன்மொழிந்த அம்மா இதே வாதத்தை மூழ்குக்கும் சொல்லலாம். சொன்னால் நான் பெரிதாக மறுக்க மாட்டேன். என் காதுக்கு, நீர்மட்டத்துக்குக் கீழே போனதும் ‘மூழ்கியாயிற்று’. அதற்கப்புறமும் தொடர்ந்து இறங்குவது ‘அமிழ்கிறது’. தீர்மானமான காரணம் புணர்ச்சி. அமிழ் உயிரெழுத்தில் தொடங்குவதால் அடைமொழிகள் அதோடு இழைந்துவிடுகின்றன.

நொடிக்கு ஒன்றரை அங்குலம் இறங்கும் அந்த மெதுவான வகைக்கு இடைநிலைச் சரடு என்று ஒருவர் எழுதியிருந்தார். அது நடு ஆழத்தில் நிற்கும் சரடு என்று தோன்றும், அப்படி நிற்காது. ‘மெல்லமிழ் சரடு’ சரியாக வரும். நுனி மட்டும் இறங்கி மீதி மிதப்பது ‘நுனியமிழ் சரடு’. பழைய சரடுகளில் நுனி மெலிந்திருப்பதால் நடுப்பகுதி முந்திக்கொண்டு இறங்கித் தொய்ந்துவிடும். மீன் தொட்டாலும் கைக்குத் தெரியாது. நுனியில் டங்ஸ்டனைக் கூட்டி ஒரே நேர்கோட்டில் இறங்கச் செய்தார்கள். அதற்கு ‘சீரமிழ் சரடு’. வேண்டுமென்றே நடுப்பகுதியை முந்தவிட்டு, பூச்சி வளைந்து மேலேறி வரும்படி செய்த வகையும் உண்டு: ‘இடையமிழ் சரடு’. ‘இடை’ என்ற சொல்லை இதற்காகவே மிச்சம் வைக்க விரும்புகிறேன். முழுவதும் இறங்குவதற்கு அடைமொழியே வேண்டாம். ‘முழுதமிழ்’ என்று சேர்த்தால் கண் அதை ‘முழு தமிழ்’ என்றுதான் படிக்கும். எண்ணோடு சொல்ல ‘அமிழ்சரடு 3’, ‘அமிழ்சரடு 7’ போதும்.

ஒலிபெயர்ப்பையே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு: ‘சிங்கிங்’ என்று நம் எழுத்தில் எழுதினால் பாடுவதா, மூழ்குவதா என்று தெரியாது. ட்ரவுட் அப்படியே இருக்கட்டும், அது மீனின் பெயர்.

நூலுக்குப் பதில் சரடு எடுத்ததன் காரணம் பருமன். இது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்பு. நூலைவிடக் கூடுதல், கயிற்றைவிடக் குறைவு. கயிறு என்றால் வலையின் அடியில் ஈயம் கோத்த கயிற்றோடும் குழம்பும்.

பதிவுக்கு நான் தரும் வரையறை:

அமிழ்சரடு (பெ.): பூச்சித்தூண்டிலில், நீரைவிட அடர்த்தி கூடிய மேற்பூச்சு உடையதாய், குறித்த வேகத்தில் நீரினுள் இறங்கும் வீச்சுச் சரடு. எதிர்: மிதவைச் சரடு. தொடர்பு: அமிழ்வேகம் (நொடிக்கு அங்குலம்).

சரட்டுக்கும் பூச்சிக்கும் நடுவே கட்டும் மெல்லிய பகுதிக்கு ‘முன்னிழை’ என்று ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. நைலான் தூண்டில் இழையை நரம்பு என்றே மீனவர்கள் சொல்கிறார்கள் என்பதால் ‘முன்நரம்பு’ என்று மாற்றலாமா? அமிழ்சரட்டோடு அது நீளமாக இருந்தால் சரடு இறங்கியும் பூச்சி மேலேயே தங்கிவிடும் என்று விளக்கக் குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. அதற்குள் சொல் முடிவானால் நல்லது. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.