வெளியூர் நாடகக்காரர்களோடு உட்கார்ந்து பேசிய அனுபவம் உண்டா? என்னுடையது: மும்பை, 2009

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் தொடருங்கள்.

2009இல் மும்பையில் உலகப் பெண் நாடகாசிரியர்கள் மாநாடு நடந்தது. 1988இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஆரம்பித்த கூட்டம் அது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறும். ஏதென்ஸ், மணிலா, ஜகார்த்தா என்று சுற்றிவிட்டு அந்த முறை நம் பக்கம் வந்திருந்தது. என் நாடகம் எதுவும் நிகழ்ச்சி நிரலில் இல்லை, வேடிக்கை பார்க்கப் போனவள்தான். ஆனால் பையில் ஒரு பிரதி இருந்தது. என் நாடகத்தை நானே ஆங்கிலத்தில் பெயர்த்தது. யாராவது கேட்டால் நீட்டலாம் என்ற நப்பாசை.

மூன்றாம் நாள் மத்தியானம் டீ குடிக்கும்போது ஒருவர் கேட்டே விட்டார். ஜாவாக்காரர், ஐம்பது வயதிருக்கும். கேரளத்து அக்கா ஒருவரும் கூட இருந்தார். மூன்று பேருமாகப் பாத்திரங்களைப் பங்கு போட்டுக்கொண்டு வாசித்தோம்.

நாடகம் இவ்வளவுதான்: ஆறுமுகம் என்று ஒரு கொத்தனார், அவர் மனைவி, ஒரு வீடு. கடைசிக் காட்சியில் அவர் இல்லை. வாரிசுச் சான்றிதழுக்காக அவள் வி.ஏ.ஓ. ஆபீசில் நிற்கிறாள். "வீட்டுக்காரர் பேரு?" என்கிறார் அவர். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்கிறாள். விளக்கு அணைகிறது. தமிழில் போட்டபோது அந்த இடத்தில் கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

வாசித்து முடித்ததும் ஜாவாக்காரர் அடுத்த பக்கத்தைத் தேடினார். "முடிஞ்சுதா?"

எங்கே கோட்டை விட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. தமிழில் அவள் 'இந்தாங்க', 'ஏங்க' என்று கூப்பிட்ட இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் 'ஆறுமுகம், ஆறுமுகம்' என்று போட்டு வைத்திருந்தேன். முதல் பக்கத்திலிருந்தே பெயர் சொல்லி அழைக்கிறவள் கடைசியில் ஒருமுறை சொன்னால் அதில் என்ன இருக்கிறது?

பெயர் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தை விளக்கினேன். "எங்கள் ஊரில் புருஷனை 'மாஸ்' என்போம், அண்ணன் என்று அர்த்தம்" என்றார் அவர். "எங்களுக்கும் சேட்டன்தானே!" என்று கேரளத்து அக்கா சிரித்தார். நான் ஒரு நொடி விழித்தேன். (தமிழ்ப் பெண் யாரும் புருஷனை அண்ணா என்று கூப்பிட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைய முடியாது.) அது மட்டுமில்லை, ஜாவா மொழியில் பேச்சிலேயே தட்டுகள் உண்டாம். மரியாதைப் பேச்சு கிராமா, நெருக்கமான பேச்சு ங்கோக்கோ. ஒரு பாத்திரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இறங்கினாலே அது ஒரு திருப்பம், தனியாக வசனம் வேண்டாம் என்றார்.

அப்புறம் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: "அவன் பக்கத்து அறையில், முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறான். பெயரும் சொல்லக்கூடாது. எப்படிக் கூப்பிடுவாள்?"

யோசித்தேன். என் அம்மா டம்ளரைத் திண்ணையில் 'ணங்'கென்று வைப்பார். அவசரமென்றால் இருமுவார். ரொம்ப அவசரமென்றால் என்னை அனுப்புவார். "இதில் ஒன்றுகூட உன் பிரதியில் இல்லையே" என்றார் அவர்.

அன்று ராத்திரியே ஆங்கிலப் பிரதியிலிருந்து அந்தப் பெயரை மொத்தமாக அடித்தேன், கடைசி ஒன்றைத் தவிர. அந்த இடங்களில் டம்ளர் வந்தது. ஊருக்கு வந்ததும் தமிழிலும் பாதி 'ஏங்க'வை எடுத்துவிட்டேன்.

*

வவுனியாவிலிருந்து:

எங்கட பக்கத்திலும் ஒரு கதை இருக்கு. மக்கள் களரி (சிங்களத்தில் ஜன கரலிய) பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் தொடங்கிய நடமாடும் அரங்கு. கூடாரம் அடித்து, நடுவில் ஆட, சுற்றிவர இருந்து பார்ப்போம். சிங்களவரும் தமிழரும் ஒரே குழுவில் இருப்பார்கள், இரண்டு மொழியிலும் நடிப்பார்கள்.

நான் பார்த்தது 'சரண்தாஸ்'. அந்தக் கள்ளனின் கதையே பெரிய பயணம் செய்தது. ராஜஸ்தானில் விஜய்தான் தேத்தா எழுதி, ஹபீப் தன்வீர் சத்தீஸ்கர் கலைஞர்களைக் கொண்டு மேடையேற்றி, பிறகு இங்கே வந்து சேர்ந்தது.

முடிந்தபின் ஒரு சிங்களப் பெடியனோடு கதைத்தேன். தன் கொப்பியைக் காட்டினான். தமிழ் வசனம் முழுக்கச் சிங்கள எழுத்தில், 'ழ' வருகிற இடத்திலெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டம். "இது மட்டும் சரிவருகுதில்லை அண்ணா" என்றான். பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி, "எங்கட பிள்ளையளுக்கே வராது, நீ விடு ராசா" என்றா.

*

ஓசூரிலிருந்து:

நான் எழுதுகிறவன் இல்லை, ரசிகன். கர்நாடகத்தில் ஹெக்கோடு கிராமத்து நாடக அமைப்பான நீனாசத்துக்கு ஒரு அக்டோபர் போயிருந்தேன். பாக்குத் தோட்டத்துக்கு நடுவில் அப்படி ஒரு அரங்கு. ராத்திரி நாடகம், மறுநாள் காலை எல்லோரும் உட்கார்ந்து அதைப் பிரித்து மேய்வார்கள். எனக்கு அரைகுறைக் கன்னடம். தோட்ட வேலைக்காரர் ஒருவர் எழுந்து, "அந்த ராஜா ஏன் உட்காரவே இல்லை?" என்று கேட்டார். நெறியாளர் ரொம்ப நேரம் பதில் சொன்னார், எனக்குக் கேள்வி மட்டும்தான் புரிந்தது.

மும்பை அக்காவுக்கு ஒரு கேள்வி: கடைசிக் காட்சியில் அந்த டம்ளர் என்ன ஆச்சு?

*

வி.ஏ.ஓ. மேசையில் இருக்கிறது, தம்பி. அவர் டீ குடித்துவிட்டு வைத்தது. சத்தம் கேட்டு அவள் திரும்பிப் பார்ப்பாள்.