கச்சானுக்குத் தப்பிய அந்தூரியம்

உவர்மலை

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், கண்டியில் உள்ள மாமியார் வீட்டிலிருந்து ஓர் அந்தூரியச் சாடியை மடியில் வைத்துக்கொண்டு தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகப் பேருந்தில் திருகோணமலை உவர்மலைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே யாரும் பெரிதாகக் கவனிக்காமலேயே பூவாகத் தெரியும் ஐந்தாறு சிவந்த மடல்களோடு நின்ற செடி, இங்கே வந்து மூன்று மாதங்களுக்குள் இலை நுனிகள் கருகி, புதிய மடல் உள்ளங்கையளவுகூட விரியாமல் சோர்ந்துபோயிற்று. வெயில்தான் காரணம் என்று முடிவுசெய்து, அதனை உள்ளறையின் மூலைக்கு மாற்றினேன். இலைகள் கரும்பச்சையாகி, காம்புகள் நீண்டன. எட்டு மாதங்களாகப் பூ ஒன்றுகூட வரவில்லை. நேர் வெயில் ஆகாது என்பதற்காக இருட்டில் வைத்தால் அந்தூரியம் இலையை மட்டுமே வளர்க்கும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

ஒருநாள் சாடியின் விளிம்பில் வெண்மையாக ஏதோ படிந்திருப்பதைக் கண்டு, நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். உவர்த்தது. ஊரின் பெயரிலேயே உவர் இருக்கும்போது இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். நாள்தோறும் ஊற்றிய கிணற்றுநீரின் உப்பு சிறிது சிறிதாகச் சேர்ந்து வேர்களை வாட்டியிருக்கிறது. அன்றிலிருந்து ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் மழைநீரைக் கூரைப் பீலியிலிருந்து பீப்பாயில் பிடித்து, நுளம்பு புகாதபடி வலையால் மூடி வைக்கிறேன். அது தீர்ந்தபின், குழாய்நீரை வாளியில் ஓர் இரவு வைத்திருந்து ஊற்றுகிறேன். மாதம் ஒருமுறை, அடித்துளையால் நன்றாக வழிந்தோடும் வரை நல்ல நீர் விட்டுப் பழைய உப்பையும் கழுவிவிடுவேன்.

செடியைத் தோட்டத்து மண்ணில் வைத்திருந்ததும் என் தவறுதான். கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் ஈரக் காடுகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடி அங்கே மரங்களைப் பற்றியும் வளர்வதால், அதன் தடித்த வேர்கள் ஈரத்தைப் போலவே காற்றையும் தேடுகின்றன. சாடியைக் கவிழ்த்தபோது, அழுகிய வேரின் தோல் உறைபோலக் கழன்று கையோடு வர, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் எஞ்சியது. இப்போது தேங்காய்ப் பொச்சுத் துண்டுகளை ஒரு வாரம் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, சிரட்டைக்கரியும் உடைந்த ஓட்டுத்துண்டுகளும் கலந்து நடுகிறேன். ஊறவைக்காத பொச்சிலும் உப்பும் சாயமும் இருக்கும்.

இவையெல்லாம் சரியான பின்னரும் வைகாசி பிறந்ததும் செடி வாடியது. மேற்குப் பக்க விறாந்தையில் வெயிலே படாத இடத்தில் நின்றாலும், மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. அதனைக் கிணற்றடியின் கிழக்கு மதிலோரம், கிடுகு வேய்ந்த பந்தலின் கீழ் மாற்றி, மேற்கே நனைந்த சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டேன். ஆடியில் முதல் மடல் விரிந்தது. எங்கள் ஊரில் வெயிலைவிடக் காற்றும் உப்புமே அந்தூரியத்தை அதிகம் கொல்கின்றன என்பது என் துணிபு.

பாலையூற்று

உவர்மலை அக்கா சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் என் செடிகளைக் கொன்றது கச்சான் அல்ல, மார்கழி மழை. கடையொன்றில் வாங்கிய புதுச் செடியின் இலையோரத்தில் நீர் கோத்தாற்போன்ற புள்ளிகள் இருந்ததைப் பொருட்படுத்தாமல், மற்றவற்றோடு சேர்த்து வைத்தேன். புள்ளிகளைச் சுற்றி மஞ்சள் படர்ந்து நடு கருகியதும், பழுத்த இலைகளை ஒரே கத்தியால் எல்லாச் சாடிகளிலும் வெட்டிக்கொண்டே போனேன். பதினொரு சாடிகளில் இரண்டுதான் மிஞ்சின. இது சாந்தோமோனாஸ் என்னும் பக்டீரியாவால் வரும் கருகல் என்றும், மழைத் துளி தெறிப்பதாலும் கத்தியாலும் பரவும் என்றும், குணப்படுத்த மருந்து இல்லை என்றும் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் பின்னர் விளக்கினார். 1980களில் ஹவாய்த் தீவுகளின் அந்தூரியப் பண்ணைகளுக்குப் பேரழிவை உண்டாக்கியதும் இதே நோய்தான். இப்போது புதுச் செடி எதுவானாலும் ஒரு மாதம் தனியே நிற்க வேண்டும். நீரை இலையில் தெளிக்காமல் அடியில்தான் ஊற்றுகிறேன்.

கடற்கரை வீதி

எங்கள் வளவுக்குள் நுழையும் நகரத்து மான்களைப் பற்றி இங்குள்ளோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் படலை திறந்து கிடந்த இரவில் செவ்வரத்தையையும் ரோசாவையும் மொட்டையாக்கியவை, அந்தூரியத்தில் ஓர் இலையைக் கடித்துத் துப்பிவிட்டுப் போயிருந்தன. சேம்பும் இதுவும் ஒரே குடும்பம். சமைக்காத சேம்பு நாக்கில் அரிப்பதற்குக் காரணமான கல்சியம் ஒட்சலேற்று ஊசிகள் இதிலும் உள்ளன. ஆகவே, கையில் அகப்படுவதை வாயில் வைக்கும் குழந்தைகள் உள்ள வீட்டில் சாடியை உயரத்தில் வையுங்கள்.

அக்கா, என் செடியின் தண்டு அடியில் இலையின்றி ஒரு முழம் நீண்டுவிட்டது. என்ன செய்யலாம்?

உவர்மலை

பயப்படாமல் வெட்டுங்கள் தம்பி. தண்டிலிருந்து காற்றில் தொங்கும் வேர்கள் இரண்டு மூன்றாவது மேற்பகுதியோடு வரும்படி வெட்டி, அதனைப் பொச்சுக் கலவையில் நட்டு, புதிய இலை வரும் வரை நிழலில் வையுங்கள். கச்சான் அடிக்கும்போது வேண்டாம். முதல் மழை விழட்டும். அடித்தண்டை எறிந்துவிடாதீர்கள். சென்ற ஐப்பசியில் நான் விட்டுவைத்த கட்டையில் மூன்று முளைகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று பாலையூற்றுத் தம்பிக்கு. கத்தியைக் கொதிநீரில் போட்டெடுத்த பின்னரே வெட்டித் தருவேன்.