214-ஆம் எண் டோக்கன்

குழு: புனலூர்–செங்கோட்டை வீட்டார்

செல்வி அத்தை, காலை 7.12
பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தபோது, அப்பாவின் மூக்குப்பொடி டப்பாவுக்குள் ஒரு பித்தளை வில்லை கிடைத்தது. மேலே நூல் கோர்க்க ஒரு துளையும் நடுவில் 214 என்ற எண்ணும் இருக்கின்றன. படம் அனுப்பியிருக்கிறேன். அண்ணா, இது என்னவென்று தெரிகிறதா?

பெரியப்பா, 7.40
தெரியாமல் என்ன, செல்வி? கேரளத்துப் புனலூரில் இருந்த காகித ஆலையில் அப்பாவுக்குக் கொடுத்த டோக்கன் அது. உள்ளே போகும்போது வாசலில் வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடைசி நாளில் அவர் கொடுக்காமலேயே வந்துவிட்டார் என்பது எனக்கே இன்றுதான் தெரிகிறது!

முருகன், 7.55
பெரியப்பா, கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு ரயில் வந்த பிறகுதானே கல்லடையாற்றங்கரையில் ஆலை வந்தது?

பெரியப்பா, 8.21
இல்லை தம்பி, எல்லாரும் அப்படித்தான் தலைகீழாகச் சொல்கிறார்கள். ஆற்றின் குறுக்கே தொங்குபாலம் 1877-இல் முடிந்தது, ஆலை 1888-இல் வந்தது, ரயிலோ 1904-இல்தான் ஓடியது; ஆகவே முதல் பதினாறு ஆண்டுகள் ரயில் இல்லாமலேயே அந்த ஆலை நடந்திருக்கிறது. அதை அங்கே இழுத்தவை ஆற்றுத் தண்ணீரும் மலையில் விளைந்த ஈற்றையும்தான். ஈற்றை என்பது மூங்கிலுக்குத் தம்பி முறை. அதைத் துண்டாக்கி, காரம் சேர்த்து வேகவைத்து, கூழாகும்வரை அலசி, வெளுத்து, கம்பி வலையில் பரப்பி நீரை வடித்து, சூடான உருளைகளில் உலர்த்தினால் தாள் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் வேண்டும். ஆறில்லாத ஊரில் அந்தத் தொழில் நடக்காது.

செல்வி அத்தை, 8.30
அப்பாவின் வேட்டி ஓரத்தில் கூழ் காய்ந்து, கஞ்சி போட்டதுபோல் விறைத்திருக்கும். அம்மா அதை நகத்தால் சுரண்டிய பிறகுதான் தண்ணீரில் நனைப்பாள்.

முருகன், 8.34
தாத்தா செங்கோட்டைக்காரர்தானே, அங்கே எப்படி வேலைக்குச் சேர்ந்தார்?

பெரியப்பா, 8.52
அவர் சேர்ந்த 1950-இல் செங்கோட்டையும் புனலூரும் ஒரே திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டதால், உள்ளூர்க்காரராகச் சேர்ந்தவர் இருந்த இடத்திலேயே வெளிமாநிலத்துக்காரராகிவிட்டார். ஆலை 1987-இல் மூடப்பட்டது. ஏன் என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு கதை சொல்வார்கள். அதில் நான் இறங்கவில்லை. ஊரிலிருந்த பிளைவுட் தொழிற்சாலையும் பிறகு மூடியது.

செல்வி அத்தை, 9.05
ஆலைச் சங்கு நின்ற பிறகும் அப்பா பல நாள் விடியற்காலையில் எழுந்து, திண்ணையில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டோக்கனைப் புளி போட்டுத் துலக்கி வைக்கட்டுமா, அண்ணா?

பெரியப்பா, 9.07
வேண்டாம், செல்வி. அந்த 4-இன் மூலையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பது படத்தில் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன். அதுவரை கை வைக்காதே.