சீலியாக் உள்ள மகள் சாப்பிடவே பயப்படுகிறாள், வழி சொல்லுங்கள்

வணக்கம். மகளுக்கு 7 வயது. இரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி இரண்டிலும் சீலியாக் நோய் உறுதியாகிவிட்டது. இந்த நோய் இருந்தால், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலையே தாக்கும். சப்பாத்தி, ரவை, சேமியா, மைதா பிஸ்கட் எல்லாம் நிறுத்தியாச்சு. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பார்கள் என்பதால் அதுவும் இல்லை. தோசைக்கல்கூடத் தனி.

இப்போது பிரச்சினை வேறு. வயிற்றுவலி நின்றுவிட்டது, பயம் நிற்கவில்லை. இட்லியைப் பிட்டு மோந்து பார்க்கிறாள், "இதுல கோதுமை இல்லைல்ல?" என்று கேட்கிறாள், வாயில் வைத்ததும் துப்பிவிடுகிறாள். தயிர்சாதமும் வாழைப்பழமும்தான் உள்ளே இறங்குகின்றன. எடை ஏறவில்லை. "அடம்தான், நாலு போட்டால் சாப்பிடுவாள்" என்கிறார் மாமியார். அவரைச் சமாளிப்பது தனி வேலை.

குடல் மருத்துவர் உணவுப் பட்டியல் தந்தார். பயத்துக்கு என்ன செய்வதென்று சொல்லவில்லை. இதைக் கடந்துவந்த பெற்றோர் இருக்கிறீர்களா? கட்டாயப்படுத்தாமல் எங்கிருந்து ஆரம்பித்தீர்கள்? மனநல ஆலோசனை உதவியதா? மதுரைப் பக்கம் குழந்தைகளுக்கான ஆலோசகர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். பள்ளியில் பிறந்தநாள் கேக் வரும் நாளை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதும் தெரிய வேண்டும்.

நாட்டு மருந்து மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.