சேனர் இருவாயி: ‘உடைவு’க்குப் பதில் ‘வான்பாய்வு’

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘சேனர் இருவாயி’ (Zener diode) என்ற பெயரில் ‘சேனர்’ என்பதைத் தமிழாக்க வேண்டாம் என்ற கருத்தோடு உடன்படுகிறேன். வலுவான மின்புலம் இலத்திரன்களை விடுவிக்கும் ‘சேனர் விளைவை’ 1934இல் விளக்கிய கிளாரன்ஸ் சேனரின் பெயர் அது, அப்படியே இருக்கட்டும். எனக்கு இடறுவது, இருவாயியில் பின்முகமாக மின் பாயத் தொடங்கும் மட்டத்தைக் குறிக்கும் ‘உடைவு வோல்ற்றளவு’ (breakdown voltage) என்ற சொல்தான். தமிழ்நாட்டு நூல்களில் இது ‘முறிவு மின்னழுத்தம்’. இரண்டில் எந்தச் சொல்லைக் கேட்டாலும் இருவாயி பழுதாகிவிட்டது என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

5.1 வோல்ற்றுச் சேனரை 220 ஓம் தடையியோடு தொடராக, பின்முகக் கோடலில் (வழக்கமாக மின்னைத் தடுக்கும் திசையில்), 12 வோல்ற்று பற்றரியில் இணைத்துப் பாருங்கள். தடையி அரை வாற்று வகையாக இருக்கட்டும். சேனருக்குக் குறுக்கே மீற்றர் ஏறத்தாழ 5.1 காட்டும். மிச்சம் 6.9 வோல்ற்று தடையியில் விழும், மின்னோட்டம் சுமார் 31 மில்லியம்பியர். சேனருக்குச் சமாந்தரமாக 10 மில்லியம்பியர் எடுக்கும் சுமையைப் போட்டால் சேனர் தன் பங்கை 21 ஆகக் குறைத்துக்கொள்ளும், வோல்ற்றளவு பெரிதாக அசையாது. சுமை 31க்கு மேல் கேட்டால்தான் வோல்ற்றளவு இறங்கும். பற்றரியைக் கழற்றினால் இருவாயி பழையபடி. இதில் எங்கே உடைவு?

மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளம் வான் பாய்கிறது என்றால் யாரும் குளம் உடைந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. மட்டம் நிறைந்து மிகுதி நீர் வழிகிறது, அவ்வளவுதான். வயலுக்குக் கூடுதலாகத் திறந்துவிட்டால் வான் பாய்வது குறையும். சேனர் செய்வதும் இதையேதான். ஆகவே ‘வான்பாய்வு வோல்ற்றளவு’ என்று முன்மொழிகிறேன். தடையி இல்லாமல் நேரே பற்றரியில் போட்டால் சேனர் சூடேறிக் கருகிவிடும். ‘உடைவு’ என்பதை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

‘வான்’ என்றால் ஆகாயம் அல்லவா என்று சென்னை நண்பர் கேட்டிருந்தார். தமிழ்நாட்டின் தென்பகுதியில் ‘மறுகால் பாய்தல்’ என்பதைத்தான் இலங்கையில் நாங்கள் இப்படிச் சொல்கிறோம். சேர்த்தெழுதினால் குழப்பம் வராது என்பது என் எண்ணம்.

இன்னொரு வசதியும் உண்டு. ஏறத்தாழ 5 வோல்ற்றுக்குக் கீழே சேனர் விளைவும், 6க்கு மேலே சரிவு (avalanche) விளைவும் மேலோங்கும். இடையில் இரண்டும் கலந்திருக்கும். உள்ளே எது நடந்தாலும் வெளியே தெரியும் நடத்தை ஒன்றே, அதற்கு ‘வான்பாய்வு’ பொருந்தும். சரிவுக்குத் தனிச்சொல் வேண்டுமானால், வேகமெடுத்த இலத்திரன் மோதி மற்றவற்றை விடுவிக்க அவை பெருகுவதால், ‘மோதற்பெருக்கம்’ எனலாமா? அதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.