புதுப்பிப்பு: அம்மாவின் அக்கி, 3 மாதம் கழித்து

மேலூரில் இருக்கும் அம்மாவுக்கு (71 வயது) விலாவில் அக்கி வந்ததையும், வேளார் (குயவர்) வீட்டில் கொப்புளத்தின் மேல் காவி எழுதிவிட்டு ஐந்தாம் நாள்தான் டாக்டரிடம் போனதையும் முன்பு எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

கொப்புளம் எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. வலிதான் போகவில்லை. சேலை உரசினாலே "மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி இருக்குப்பா" என்கிறார். ராத்திரியில் ஃபேன் காற்றுகூட ஆகவில்லை. ஜாக்கெட்டை விரலால் விலக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தே தூங்குகிறார். நரம்பு வலி மாத்திரையில் தலை சுற்றுவதால் பாத்ரூம் போகவும் துணை வேண்டும்.

எப்போதோ வந்த சின்னம்மைக் கிருமி நரம்பு வேரில் பதுங்கியிருந்து, வயதானபின் எதிர்ப்பு சக்தி குறையும்போது அக்கியாகக் கிளம்புகிறது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவது நல்லது. காவியை நான் குறை சொல்லவில்லை, அந்தக் குளிர்ச்சி அம்மாவுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கே டாக்டரையும் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம், தடுப்பூசி கேட்டவர்களுக்கு: ஷிங்ரிக்ஸ் என்ற அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2 ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளியில். விலை அதிகம்தான். அப்பாவுக்குப் போன வாரம் முதல் ஊசி போட்டாயிற்று.